இருநூற்றுப் பதினேழாம் கட்டு

வழக்கு நம்பர் தெரியாமல், வருஷமும் தெரியாமல் ஒரு பழைய தீர்ப்பைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டு எனக்கு ஒரு தபால் அட்டை வந்திருக்கிறது. எழுதியவர் இப்போது ரிக்கார்டு அறையில் வேலை பார்க்கும் குமாஸ்தா. முகம் தெரியாது. மர அலமாரிகளை எடுத்துவிட்டு இரும்பு அலமாரிகள் போட்டார்களாம், மாற்றும்போது வரிசை கலைந்துவிட்டதாம், தாங்கள் பழைய ஆள் என்பதால் தொந்தரவு தருகிறேன் என்கிறார். தபால் அட்டையிலேயே பதில் எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாலு வரிக்குள் அடங்கவில்லை. ஒரு காகிதக் கட்டைப் பிரித்தால் இன்னொரு கட்டு வந்து நிற்கிறது.

நான் வேலை பார்த்த முன்சீப் கோர்ட் மலையடிவாரத்தில் ஒரு தாலுகா ஊரில் இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். அப்போது தர்மபுரி தனி ஜில்லா இல்லை, எல்லாமே சேலம்தான். என் அப்பா கடத்தூர்ச் சந்தையில் பூட்டுப் பழுது பார்ப்பவர். அவர் மகன் காதர் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, கையெழுத்து அழகாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கோர்ட்டில் நகல் எழுதப் போனான். முதல் மூன்று வருஷம் நகல் எழுதியதில் விரல் காய்த்துப்போனதைத் தவிர சொல்ல ஒன்றும் இல்லை. நாலாம் வருஷம் ரிக்கார்டு அறைக்குத் தள்ளினார்கள். மற்ற குமாஸ்தாக்கள் அதைத் தண்டனை என்றார்கள். கட்சிக்காரர் யாரும் அங்கே வந்து கும்பிடு போடமாட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த அறையில் எப்போதும் பாதி வெளிச்சம்தான். உயரத்தில் மேற்குப் பார்த்து ஒரு ஜன்னல். காலையில் இருட்டாக இருக்கும். பிற்பகலில் வெயில் உள்ளே இறங்கி, அலமாரி அலமாரியாக நகர்ந்து போகும். வேப்பிலைத் தூளும் பழைய காகிதமும் கலந்த ஒரு வாசனை. உட்கார்ந்தால் கண் சொருகும். நான் தூங்குமூஞ்சி என்று பெயர் வாங்கியவன், அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் அது தூக்கம் இல்லை. ஒரு கட்டைப் பிரித்துப் படிக்கும்போது அதில் உள்ள ஆட்கள் அறைக்குள் நடமாட ஆரம்பித்துவிடுவார்கள். வரப்பை வெட்டியவன், கிணற்றில் பங்கு கேட்டவள், ஆட்டை ஓட்டிப் போனவன், எல்லாரும் வந்து அலமாரிகளுக்கு நடுவில் நிற்பார்கள். அவர்களில் பாதிப் பேர் செத்துப்போனவர்கள் என்பது எனக்கு அப்போது தோன்றாது.

என் மேலதிகாரி ஹெட் கிளார்க் ராவ். ஓசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். மெலிந்த ஆள், பொடி போடுவார், ரிக்கார்டு அறைக்குள் செருப்போடு வரமாட்டார். கட்டை எடுத்ததும் பிரிக்காமல் முதலில் அதன் மேல் ஊதுவார். பிறகு நாடாவின் முடிச்சைப் பார்ப்பார். அவிழ்க்கும்போது யாரிடமும் பேசமாட்டார், முன்சீப்பே கூப்பிட்டாலும் அவிழ்த்து முடித்துவிட்டுத்தான் திரும்புவார். அவர் எனக்கு எதையும் சொல்லிக் கொடுத்ததாக நினைவு இல்லை. திட்டியது நினைவிருக்கிறது. "ஏனப்பா காதர்" என்று ஆரம்பித்தால் அன்றைக்கு ஒரு தப்பு அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

தேடும் வழி இதுதான். தேடுதல் மனு வந்ததும் முதலில் பெயர் அட்டவணை. ஒவ்வொரு வருஷத்து வழக்குப் பதிவேட்டின் கடைசியிலும் வாதிகளின் பெயர் முதலெழுத்து வாரியாக இருக்கும். அதில் நம்பர் கிடைத்தால் பதிவேட்டைத் திறக்க வேண்டும். இரண்டு பக்கம் முழுக்க நீளும் ஒரே வரியில் ஒரு வழக்கின் பிறப்பிலிருந்து இறப்பு வரை இருக்கும். யார் யார் மேல் போட்டது, எந்த நிலம், நாலு எல்லை என்ன, எந்தத் தேதியில் யாருக்குத் தீர்ப்பு, அப்பீல் உண்டா இல்லையா, எல்லாம். அங்கிருந்து நேரே அலமாரிக்குப் போகிறவன் புதுசு. கட்டுகள் வழக்குப் போட்ட வருஷப்படி அடுக்கப்படுவதில்லை, தீர்ந்த வருஷப்படி அடுக்கப்படுகின்றன. ஆகவே தீர்வுப் பதிவேட்டைப் பார்த்துக் கட்டின் இடத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் ஏணியை எடுக்க வேண்டும். தபால் அட்டை நண்பர் இதைக் குறித்துக்கொள்ளட்டும். பாதிக் கட்டுகள் காணாமல் போவது இந்த இடத்தில்தான்.

இன்னொரு வேலையும் உண்டு. எல்லாக் காகிதத்தையும் என்றென்றைக்கும் வைத்திருக்க இடம் ஏது? தீர்ப்பும், அதன் முடிவை மட்டும் எழுதும் டிக்கிரியும் நிரந்தரம். சம்மன், அதைக் கொண்டுபோகப் படிக்காசு கட்டும் படி மனு, சம்மன் சேர்ந்ததா என்று அமீனா எழுதிய சார்வு அறிக்கை போன்ற சில்லறைக் காகிதங்களைக் குறிப்பிட்ட வருஷம் கழிந்ததும் எரித்துவிடலாம். கோடை விடுமுறையில் கோர்ட் மூடியிருக்கும்போது நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கட்டாகப் பிரிப்பேன். நிரந்தரம் வலது கைப் பக்கம், எரிப்பது இடது கைப் பக்கம். எண் மட்டும் படிக்கத் தெரிந்த பியூன் மாரி வலப்பக்கத்துக் குவியலுக்குச் சிவப்பு நாடாவும் நம்பர் அட்டையும் போட்டுக் கட்டுவார். இடப்பக்கம் சணல் கயிறு. கடைசியில் ராவ் எரிப்புப் பட்டியலின் அடியில் 'சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். கோர்ட்டுக்குப் பின்னால் குழி வெட்டி எரிப்போம். காகிதம் கருகிச் சுருண்ட பிறகும் அதில் எழுத்து மட்டும் கொஞ்ச நேரம் வெள்ளியாக மினுங்கும். குனிந்து பார்த்தால் படிக்கலாம். நான் படிப்பேன். பிறகு காற்று வந்து எடுத்துக்கொண்டு போய்விடும்.

இப்படிப் பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. இரண்டாம் உலகச் சண்டை வந்தது, காகிதத்துக்குப் பஞ்சம் வந்தது, பழைய நோட்டீசுகளின் முதுகில் நகல் எழுதினோம். அந்தக் காலத்தில் ஒரு நாள் காலையில் செல்லி வந்தாள்.

நாற்பது வயது இருக்கலாம். சித்தேரி மலையிலிருந்து விடியும் முன் கிளம்பி இறங்கி வந்தவள். கையில் ஒரு சம்மன். அடிவாரத்தில் புளி மண்டி வைத்திருந்த ஒருவர் அவள் மேல் வழக்குப் போட்டிருந்தார். மலைச் சரிவில் அவள் சாமை விதைக்கும் காடும் அதில் நிற்கும் ஏழு புளிய மரமும் தன்னுடையவை என்பது மண்டிக்காரரின் வாதம். அவளுடைய பக்கம் ஒரே ஒரு பலம்தான். இதே காட்டுக்காக மண்டிக்காரரின் தகப்பனார் மேல் அவளுடைய மாமனார் முன்பு வழக்குப் போட்டு, எங்கள் கோர்ட்டிலேயே ஜெயித்திருந்தார். ஒரு தரம் தீர்ந்துபோன வழக்கை அதே குடும்பங்கள் மறுபடி கிளப்ப முடியாது. அந்தப் பழைய தீர்ப்பைக் காட்டினால் போதும். ஆனால் அவள் வீட்டு நகல் கூரையோடு எரிந்துபோயிருந்தது.

"எந்த வருஷம்மா?" என்றேன்.

"வருசமெல்லாம் எங்களுக்கு என்னங்க சாமி தெரியும். மூங்கி பூத்த வருசமுங்க. நான் கண்ணாலம் ஆயி வந்த புதுசு. மாமனாரு கேசு ஜெயிச்சு வூட்டுக்கு வந்தாரு. அன்னிக்கு மூங்கி அரிசிச் சோறுதான் ஆக்குனேன்."

"மாமனார் பேரு?"

தலையைக் குனிந்துகொண்டாள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லமாட்டாள். சம்மனை என் பக்கம் நீட்டி விரலால் தொட்டுக் காட்டினாள். காலஞ்சென்ற சடையன் என்று இருந்தது. என் தலையில் கை வைத்துக்கொண்டேன். சித்தேரிப் பக்கம் கல்லை எறிந்தால் ஒரு சடையன் மேல்தான் விழும். அட்டவணையில் அந்தப் பெயர் வருஷத்துக்கு அரைப் பக்கம் வரும்.

மூங்கில் பூத்த வருஷத்தைக் கோர்ட்டில் எங்கே போய்த் தேடுவது? ராவிடம் போய்ச் சொன்னேன். அவர் பொடி டப்பியை விரலால் தட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் உத்தரத்தைப் பார்த்தார்.

"ஏனப்பா காதர், மூங்கில் பூத்தா அரிசி கொட்டும். அரிசி கொட்டினா எலி பெருகும். மலையில தின்னு தீர்ந்தா எலி எங்கே வரும்?"

"அடிவாரத்துக்குங்க."

"இந்த ரூமுக்கு வந்தது. நான் அப்போ இங்கே குமாஸ்தா. எலிப்பொறி வாங்க அனுமதி கேட்டு ஜில்லாக் கோர்ட்டுக்கு லெட்டர் எழுதினேன். கடிதப் பதிவேட்டைப் பாரு. அதுக்கு முந்தின வருஷம்தான் அவ சொல்ற வருஷம். சும்னே எல்லா வருஷத்தையும் தேடாதே."

கடிதப் பதிவேட்டில் எலிப்பொறி இருந்தது. அதற்கு முந்தின வருஷத்துத் தீர்வுப் பதிவேட்டில் விரலை ஓட்டிக்கொண்டு போனேன். சடையன்கள் பலர் இருந்தார்கள், மண்டிக்காரரின் தகப்பனார் மேல் வழக்குப் போட்ட சித்தேரிச் சடையன் ஒருவன்தான். வழக்கு நம்பர் இருநூற்றுப் பதினேழு. வழக்குப் பதிவேட்டைத் திறந்தால் ஒரே வரியில் அந்தக் காடு முழுசாகப் படுத்திருந்தது. வடக்கே ஓடை, கிழக்கே பலாமரம், தெற்கே கரடு, மேற்கே வண்டிப் பாதை. வாதி கோரியபடி தீர்ப்பு. அப்பீல் இல்லை. அறைக்குள் அந்த ஓடைச் சத்தம் கேட்டதுபோல இருந்தது எனக்கு. வெளியே வந்து செல்லியிடம், "கிடைச்சுடுச்சும்மா" என்று சொன்னேன். அவள் அப்படியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். அந்த வார்த்தையை நான் அவசரப்பட்டுச் சொல்லியிருக்கக் கூடாது.

ஏணி போட்டு ஏறி இருநூற்றுப் பதினேழாம் கட்டை எடுத்தேன். சிவப்பு நாடா, நம்பர் அட்டை, எல்லாம் சரியாக இருந்தது. ராவைப் போலவே ஊதினேன், முடிச்சை அவிழ்த்தேன். மேலே ஒரு சம்மன். அதன் கீழே படி மனு. அதன் கீழே அமீனாவின் அறிக்கை, பிரதிவாதி வீட்டில் இல்லை, கதவில் ஒட்டினேன் என்று. கடைசிக் காகிதம் வரை புரட்டினேன். தீர்ப்பு இல்லை. டிக்கிரி இல்லை. எரித்திருக்க வேண்டிய சில்லறைக் காகிதம் அத்தனையும் சிவப்பு நாடாவுக்குள் பத்திரமாக இருந்தது.

பக்கத்துக் கட்டைப் பிரித்தேன். அதுவும் அப்படியே. முன்னும் பின்னுமாகப் பிரித்துக்கொண்டே போனேன். மொத்தம் எட்டு வழக்குகளில் தீர்ப்பு இல்லை, சம்மன் இருந்தது. ஒன்பதாவது கட்டு ஒழுங்காக இருந்தது. அப்போதுதான் மேற்கு ஜன்னல் வழியே வெயில் இறங்கி என் முகத்தில் அடித்தது. எனக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது.

நான் ரிக்கார்டு அறைக்கு வந்த புதிதில் ஒரு கோடை விடுமுறை. இதே நேரம், இதே வெயில். கண் கூசியதால் எழுந்து, குவியல்களுக்கு எதிர்ப்பக்கமாகப் போய், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். குவியல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. நான்தான் திரும்பிவிட்டேன். ஆனால் கைக்கு அது தெரியவில்லை. வலது கை வலது பக்கமே போட்டது, இடது கை இடது பக்கமே போட்டது. தீர்ப்பு எரிப்புக் குவியலிலும் சம்மன் நிரந்தரக் குவியலிலும் விழுந்தன. எட்டு வழக்கு முடிவதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது. தண்ணீர் குடித்து, அஸர் தொழுதுவிட்டு வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தேன். குழியில் வெள்ளியாக மினுங்கிய எழுத்துகளை நான் குனிந்து படித்திருக்கிறேன். அவற்றில் சடையனின் தீர்ப்பும் இருந்திருக்கும். அன்றைக்கு மட்டும் எதைப் படித்தேன் என்பது நினைவில்லை.

ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது, பயம்தான் அதிகம். செல்லியிடம் நகல் தயாராகக் கொஞ்ச நாள் ஆகும், அடுத்த திங்கள் வா என்று சொல்லி அனுப்பினேன். அவள் கும்பிட்டுவிட்டு மலையேறினாள்.

அந்த வாரம் முழுக்கப் பகலிலேயே கனவு மாதிரி இருந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், எட்டு வழக்கின் ஆட்களும் வந்து அலமாரிக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். எதுவும் கேட்கமாட்டார்கள். வீட்டில் என் மனைவி ஜைத்தூன் ஒன்றும் தெரியாமல், "ஏங்க, ஒரே சோத்தை இவ்வளவு நேரமா பெசையறீங்க" என்றாள். சொன்னேன். அவள் என் தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். பிறகு, "அந்தப் பொம்பளைக்கு எத்தனை பிள்ளைங்களாம்?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியாது. கேட்கத் தோன்றவில்லை.

ராவிடம் சொல்லாமல் தீராது. அதில்தான் பெரிய சிக்கல். எரிப்புப் பட்டியலில் 'சரிபார்த்தேன்' என்று எழுதியவர் அவர். சரிபார்க்கவில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். என் கை மேல் இருந்த நம்பிக்கையில் போட்ட கையெழுத்து. அவர் ஓய்வு பெற நாலு மாசம்தான் பாக்கி.

கட்டுகளைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்துச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, ஒவ்வொன்றையும் திரும்பக் கட்டினார். பிறகு செல்லியின் தேடுதல் மனுவை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"'கட்டில் தீர்ப்பு காணப்படவில்லை'ன்னு எழுது. பொய் இல்லையே."

"பொய் இல்லைங்க."

"எழுது அப்போ."

பேனாவை மையில் தோய்த்தேன். அந்த வாக்கியம் எழுதப்பட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பதிவேட்டு வரியைத் தீர்ப்புக்குப் பதிலாகக் காட்ட வேண்டுமானால், தீர்ப்பு என்று ஒன்று இருந்து அழிந்துபோனது என்று யாராவது சாட்சி சொல்லியாக வேண்டும். காணப்படவில்லை என்று மொட்டையாக எழுதினால், அப்படி ஒன்று முறையாக எழுதப்பட்டதே இல்லை, பதிவேட்டில் இருப்பது யாரோ குமாஸ்தாவின் கிறுக்கல் என்று மண்டிக்காரரின் வக்கீல் பிய்த்துப் போட்டுவிடுவார். செல்லியின் காடு போய்விடும். மை காய்ந்தது. மறுபடி தோய்த்தேன். மறுபடி காய்ந்தது.

"எழுத வரலைங்க" என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. பொடி போட்டார், துண்டால் மூக்கைத் துடைத்தார், எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மணி மூன்றுகூட ஆகவில்லை. அவர் அப்படி நேரத்துக்கு முன்னால் போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மனுவின் மேல், 'தீர்ப்பும் டிக்கிரியும் என்னால் தவறுதலாக எரிப்பில் சேர்க்கப்பட்டு அழிந்தன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முன்சீப் முன் வைத்தேன். அதோடு எட்டு வழக்கின் நம்பர்களையும் எழுதினேன்.

திங்கட்கிழமை வந்த செல்லியிடம் நானே சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையிலிருந்த புளி மூட்டையை இறக்கி வைத்தாள்.

"சாமி கையாலயா எரிச்சீங்க?"

"ஆமாம்மா."

"அடையாளம் ஒண்ணும் மிச்சமில்லீங்களா?"

"பதிவேட்டுல ஒரு வரி இருக்கு. அதுக்கு நான் சாட்சி சொல்றேன்."

அவள் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, கொண்டுவந்திருந்த புளி மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு சந்தைப் பக்கம் போனாள்.

விசாரணை நாளில் நான் பதினைந்து வருஷம் போல வேலை பார்த்த அதே கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறினேன். நான் அடுக்கிய கட்டுகள், நான் எழுதிய நகல்கள், எல்லாம் சுற்றி இருந்தன. அங்கிருந்து பார்த்தால் கோர்ட் வேறு மாதிரி தெரிந்தது, பெஞ்சு உயரமாகவும் என் சக குமாஸ்தாக்கள் சின்னவர்களாகவும். செல்லியின் வக்கீல் கேட்டதற்கு நடந்ததைச் சொன்னேன். எட்டுக் கட்டுகளையும் பிரித்துக் காட்டினேன். மண்டிக்காரரின் வக்கீல் எழுந்தார்.

"உமக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் உண்டா?"

"உண்டுங்க."

"அன்றைக்குத் தூங்கிவிட்டீர், அப்படித்தானே?"

"இல்லைங்க. மூஞ்சியில வெயில் பட்டுது. எதிர்ப்பக்கம் மாறி உக்காந்தேன்."

கோர்ட் சிரித்தது. முன்சீப்புக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். வக்கீல் சிரிக்கவில்லை. "ஹெட் கிளார்க் சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாரே. சரிபார்த்த பட்டியலில் தீர்ப்பு எப்படி எரிப்புக்குப் போகும்? அந்தத் தீர்ப்பே கிடையாது என்பதுதான் உண்மை. இந்தப் பெண்ணுக்காக இட்டுக்கட்டிச் சொல்கிறீர்" என்றார். உண்மையான பதில் ராவின் நாலு மாசத்தைத் தின்றுவிடும். நான் பிரித்துக் கிடந்த எட்டுக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது பெஞ்சுக்குக் கீழே தன் இடத்தில் உட்கார்ந்திருந்த ராவ் எழுந்தார். செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளினார். கூண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்களை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லையே" என்றார் முன்சீப்.

"அழைக்கலை. ஆனா அந்தக் கையெழுத்து என்னுது. சரிபார்த்தேன்னு எழுதினேன். பார்க்கலை. அந்த வருஷம் மட்டுமில்லை, எந்த வருஷமும் பார்க்கலை. அதையும் எழுதிக்கணும்."

முன்சீப் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு பிரமாணம் செய்வித்து எழுதிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வயதிலும் அதை நினைத்தால் கலங்குகிறது, அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. பதிவேட்டின் அந்த ஒரு வரி ஏற்றுக்கொள்ளப்பட்டது. மண்டிக்காரரின் வழக்கு தள்ளுபடி ஆனது.

எனக்கு இரண்டு வருஷச் சம்பள உயர்வை நிறுத்தி, ரிக்கார்டு அறையிலிருந்து எடுத்து அரூர்ப் பக்கம் வேறு ஆபீசுக்கு மாற்றி உத்தரவு வந்தது. எட்டில் மற்ற ஏழு வழக்குக்காரர்களுக்கும் தாக்கீது போனது, இரண்டு பேர்தான் வந்தார்கள். ராவுக்குப் பென்ஷன் வர ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. அந்தக் கோர்ட்டில் என் கடைசி நாளில் சாவிக் கொத்தை என்னிடமிருந்து அவர்தான் வாங்கிக்கொண்டார்.

"ஏனப்பா காதர்."

"என்னங்க."

"வெயில் பட்டா ஜன்னலைச் சாத்த மாட்டியா நீ?"

அதற்கு இரண்டு நாள் முன்னால் செல்லி புதுத் தீர்ப்பின் நகலை வாங்க வந்திருந்தாள். எழுதுகிற வேலை எனக்கே வந்து சேர்ந்தது, நான் எழுதிய கடைசி நகல் அது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. எந்த இடத்தில் தன் பெயர் இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதோட அசலும் அந்தப் பீரோவுக்குள்ளதான் போவுதுங்களா சாமி?"

"ஆமாம்மா."

"நீங்கதான் பாத்துக்குவீங்களா?"

"இல்லம்மா. என்னை மாத்திட்டாங்க."

அவள் அலமாரிகளைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நகலை மடித்து என்னிடமே கொடுத்து, "நாளானிக்கு வர்றனுங்க. அதுவரைக்கும் வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சொன்னபடி வந்தாள். நான் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது கோர்ட் தாழ்வாரத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய பங்காளிகள், நாத்தனார், இரண்டு மகள்கள், கண் தெரியாத ஒரு கிழவர். மலையில் ஊர்க்கூட்டம் ஒரு முடிவு சொன்னால், அதைக் காதால் கேட்டு வாயால் திருப்பிச் சொல்ல வீட்டுக்கு ஓர் ஆள் போவது அவர்கள் வழக்கமாம்.

"போன தடவ காயிதத்த மட்டும் வாங்கிட்டுப் போனமுங்க" என்றாள் செல்லி. "இந்தத் தடவ படிங்க. இவங்க கேட்டுக்கட்டும்."

நானும் தரையில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வாக்கியமாகப் படித்தேன். கோர்ட் தமிழை அவர்கள் தங்கள் தமிழாக மாற்றி, ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். நம்பர், வருஷம், வாதி, பிரதிவாதி, எல்லைகள். ஒரு தரம் முடிந்ததும் செல்லி, இன்னொரு தரம் என்றாள். மூன்றாம் தரம் படிக்கும்போது வெயில் இறங்கியிருந்தது, என் கண்ணும் களைத்திருந்தது. வடக்கே ஓடை என்றேன், அவர்கள் சொன்னார்கள். தெற்கே கரடு என்றேன்.

யாரும் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். கண் தெரியாத கிழவர் என் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்.

"கெழக்கால பலாமரம் வுட்டுட்டீங்க, சாமி" என்றார்.

காகிதத்தைப் பார்த்தேன். விட்டிருந்தேன்.